மிச்சபூமிக் கணக்கில் போன பழுதறிக்கை

எங்கள் ஆலையில் இப்போது பழுதுகளைக் கைப்பேசி வழியாகவே அறிவிக்கலாமாம். ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளம் பொறியாளர் அதை எனக்குக் காட்டினார். திரையில் ஒரு சிவப்பு வட்டம். அதைத் தொட்டால் பழுது மேலிடத்தைச் சென்றடையும். "உங்க காலத்துல இதெல்லாம் ரிப்போர்ட் பண்ணுவீங்களா சார்?" என்று அவர் கேட்டார். உங்கள் காலத்தில் வேட்டி உடுத்தினீர்களா என்று விசாரிக்கும் தொனி அதில் இருந்தது. அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். விடையை இங்கே தருகிறேன்.

அறிவித்தோம். ஆனால் அன்று பழுதை அறிவிப்பதற்கு முன்னால் பழுது இருக்கிறது என்று ஒரு மனிதரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. அதற்குத் தொடுதிரை போதாது.

நாகர்கோவிலில் இயற்பியல் பட்டம் பெற்று, பம்பாயில் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் ஓராண்டுப் பயிற்சியை முடித்துக்கொண்டு நான் ஊர் திரும்பினேன். அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உருளைக்கிழங்கு தின்றேன், முதல் வகுப்பில் தேறினேன். பாறசாலையில் எங்கள் வீடு. கடற்கரையில் இருந்த ஆலைக்குத் தினமும் பேருந்தில் போய்வந்தேன். கருமணலிலிருந்து கனிமங்களைப் பிரிப்பது ஆலையின் தொழில். அவற்றுள் ஒன்று அணுசக்திக்கு உதவுவது. ஆகவே அணு உலைகளுக்குரிய கட்டுப்பாடுகளில் பலவும் எங்களுக்கும் உண்டு. பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் எந்தப் பழுதைக் கண்டாலும் உடனே எழுத்தில் பம்பாய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. நம் ஆலையைத் திருத்திக்கொள்வது மட்டும் இதன் நோக்கமன்று. அதே கருவியை வேறெங்கோ நம்பி நிற்பவன் ஒருவன் இருப்பான். அவன் அறிய வேண்டும் என்பதே நோக்கம். இந்த ஒரு வரியைத்தான் பம்பாயிலிருந்து நான் கொண்டுவந்தேன். மற்றவை புத்தகத்தில் இருக்கின்றன.

விதியை இயற்றியவர்களுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தெரியாது. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வரும். "கொழப்பமில்ல" என்பது எங்கள் மக்களின் நித்திய மொழி. நலமா, சாப்பாடு எப்படி, மழை பெய்ததா, மகள் வீட்டார் எப்படி என்று எதைக் கேட்டாலும் விடை அதுதான். நாற்காலியில் வைத்து நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்ட ஒருவரை வழியில் நான் விசாரித்தபோது, அவர் கண்ணைத் திறக்காமலே "கொழப்பமில்ல" என்றார். 'பரவாயில்லை' என்பது பொருள். சில வேளை 'உம்மிடம் சொல்லி என்ன பயன்' என்பதும் பொருள். தினமும் காலையில் நான் சுற்றிவரும்போது ஒவ்வொரு பொறியின் அருகிலும் நின்று, பழுது ஏதேனும் உண்டா என்று முறைப்படி வினவுவேன். மணலைச் சுமந்து ஓடும் பட்டை கிழிந்து தொங்கும். தூசி உறிஞ்சும் குழாய் இருமிக்கொண்டிருக்கும். அதன் அடியில் நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "கொழப்பமில்ல சாரே."

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி சென்னைத் தமிழர். தொழிலாளர்களிடம் நேரே பேசப் போவதாகப் பெருமிதத்துடன் இறங்கினார். பாதுகாப்பு விதிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அனைவரும் ஒரே விடையைத் தந்தனர். 'தொழிலாளர் எவருக்கும் விதிகளில் குழப்பமில்லை. வியக்கத்தக்க தெளிவு' என்று அவர் குறிப்பெழுதி, எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

எங்கள் கண்காணிப்பாளர் பரமேஸ்வரன் சாரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் வயலும் தோப்பும் கண்ணெட்டும் தூரம் வைத்திருந்த குடும்பத்தவர். நிலச் சீர்திருத்தம் வந்தது. குத்தகைக்கு உழுதவர்களுக்கு வயல் போயிற்று. குடிசை போட்டிருந்தவர்களுக்குக் 'குடிகிடப்பு' உரிமையாக அவரவர் குடிசை நின்ற மண் போயிற்று. இவருடைய மாமா இரக்கப்பட்டுக் குடிகளுக்கு அவ்வப்போது கையெழுத்திட்ட சீட்டுக் கொடுத்திருந்தாராம். அந்தச் சீட்டுகளே வழக்கில் சாட்சியாக வந்து நின்றன. ஆகவே பரமேஸ்வரன் சார் இரண்டு கொள்கைகளோடு ஆலைக்கு வந்து சேர்ந்தார். ஒன்று, மனிதனுக்கு மாதச் சம்பளமே நிலையானது. மற்றொன்று, எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது.

அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினால் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்வார். "மேசையில வையும்" என்பார். குனிந்து, கை படாமல், அதைப் படித்துமுடிப்பார். கையில் வாங்கினால்தானே பெற்றுக்கொண்டதாகும்? மேசையில் கிடப்பது மேசைக்கு வந்தது. அவருடைய பேனாவின் மூடியைத் திறக்கப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். அத்தகைய பேனாவைத் தேடி வாங்கியிருந்தார். இடையில் மனம் மாறுவதற்கு அவகாசம் கிடைக்கும்.

விதியில் மூன்று வகை உண்டு: தேய்மானம், குறை, பழுது. கடைசியாக உள்ளதை மட்டுமே பம்பாய்க்கு எழுத வேண்டும். பரமேஸ்வரன் சாரின் ஆட்சியில் அனைத்தும் தேய்மானமே. கடற்காற்றில் கிடங்கின் கூரைத் தகடு பறந்து தென்னையில் சிக்கியது. அதையும் தேய்மானம் என்றார். நான் வாதிட்டேன். அவர் என்னைக் கனிவோடு பார்த்து, "எடோ, ஒரு கேடுபாட்ட எழுதி வச்சா அதுக்குக் குடிகெடப்பு ஆயாச்சு. பின்ன அத எறக்கி விடப் பற்றுமா? எழுதாம விட்டா அது தன்னால ஒரு நாள் போவும்" என்றார். கூரையைப் பொறுத்தவரை அது தன்னாலேயே போயிருந்தது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. மேலதிகாரியிடம் அளவோடுதான் தர்க்கம் செய்ய வேண்டும்.

இனி ஒரு கடினமான வழக்கைச் சொல்கிறேன்.

ஆலையின் நடுவே மணல் கொட்டிவைக்கும் உயரமான இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. தொழிலாளர் அதைப் 'பத்தாயம்' என்பார்கள். தம் வீட்டில் நெல் பத்தாயம் வைத்தறியாதவர்களுக்கு அப்படி அழைப்பதில் ஒரு திருப்தி இருந்திருக்கலாம். உள்ளே மணல் எவ்வளவு நிறைந்துள்ளது என்று அறிய, வெளிப்புறத்தில் ஓர் ஈயப்பெட்டி பொருத்தியிருந்தார்கள். அதனுள் கதிர்வீசும் பொருள் இருக்கும். கதிர் தொட்டியைக் குறுக்கே கடந்து மறுபுறத்துக் கருவியில் விழும். மணல் ஏறி மறைத்தால் பட்டை தானே நின்றுவிடும். பெட்டிக்கு ஒரு கைப்பிடி. மேலே தூக்கினால் உள்ளிருக்கும் ஈயக் கதவு திறக்கும். கீழே இறக்கினால் மூடும். அடியில் இறுகிப்போன மணலைப் பெயர்க்க ஆட்கள் உள்ளே இறங்கும் நாள்களில் கைப்பிடியை இறக்கிப் பூட்ட வேண்டும். இதுவே பெட்டி செய்த வெளிநாட்டு நிறுவனம் தந்த வழிமுறை. கைப்பிடி கீழே இருந்தால் உள்ளே போகலாம்.

நான் இதற்கு மேலும் ஒன்றைச் சேர்த்திருந்தேன். ஆட்கள் இறங்குமுன் கதிர்வீச்சை அளக்கும் மானியைத் தொட்டியின் வாயில் நீட்டி, முள் அசைகிறதா என்று பார்ப்பேன். வழிமுறையில் இல்லாத இந்தச் சடங்கு தொழிலாளருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. "சாரே, ஆராதனை கழிஞ்சுதா? நாங்க எறங்கட்டா?" என்று கேட்பான் தங்கையன். அவனே இறங்குபவர்களில் முதல்வன், குளத்தூர்க்காரன், நாக்கில் எண்ணெய் தேய்த்துப் பிறந்தவன். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் அந்தக் கேலிக்குச் சேர்ந்து சிரித்தார்கள். மதநல்லிணக்கத்துக்கு என்னுடைய பங்களிப்பு அது.

ஒரு நாள் காலையில் ஆட்கள் இறங்க நின்றார்கள். கைப்பிடி கீழே இருந்தது. பூட்டியும் இருந்தது. நான் மானியை நீட்டினேன். முள் ஒரே தாவலில் மறுகோடிக்குப் போய் நின்றது.

மானியில்தான் கோளாறு என்று நினைத்தேன். படித்தவன் முதலில் கருவியையே சந்தேகிப்பான். மற்றொரு மானியைக் கொண்டுவரச் செய்தேன். அதன் முள்ளும் அங்கேயே போய் நின்றது. தங்கையன் ஒரு காலை ஏணியில் வைத்திருந்தான்.

"இறங்கு தங்கையா."

"உள்ளயா, வெளியயா சாரே?"

"வெளியே. எல்லாரும் விலகுங்கள்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

பெட்டியைக் கழற்றிக் காப்பான இடத்தில் வைத்து ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. கைப்பிடியையும் ஈயக் கதவையும் இணைக்கும் ஆணி உள்ளே அறுந்திருந்தது. கைப்பிடி தன் போக்கில் ஏறி இறங்கிற்று; கதவு திறந்தபடியே நின்றது. எங்கள் ஆட்கள் யாரும் அதை அடித்ததற்கோ நெம்பியதற்கோ அடையாளமில்லை. ஆணியின் உலோகமே மென்மையானது. செய்தவர்களின் பிழை. 'மூடியிருக்கிறது' என்று சொல்லும் கைப்பிடி பொய் சொல்லிற்று என்பதே இதன் சாரம்.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கையன் மெல்லக் கேட்டான்: "இதுபோல பெட்டி ரெண்டு வந்துச்சில்லியா சாரே? ஒண்ணு வடக்க உள்ள ஆலைக்குப் போச்சு. நான்தான் லாரியில ஏத்தினேன்."

"ஆம். அதே வார்ப்பு."

"எனக்க தம்பி செல்வராஜ் அங்கயாக்கும். அங்க பத்தாயத்தில எறங்குதது அவன்தான். வாற திங்களாழ்ச்ச கழுவலுண்டுன்னு சொன்னான்." சற்று நிறுத்திவிட்டு, "அவங்களுக்கு ஆராதனை எடுக்க ஆளில்ல சாரே" என்றான்.

அன்று வெள்ளிக்கிழமை.

நான் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டு பரமேஸ்வரன் சாரிடம் போனேன். கைகள் பின்னே சென்றன. காகிதம் மேசைக்குச் சென்றது. அவர் குனிந்து படித்து நிமிர்ந்தார்.

"ஆணி அற்றுப்போச்சு. தேய்மானம்."

"தேய்மானம் அல்ல சார். செய்தவர்களின் பழுது. வடக்கே திங்களன்று ஆள் இறங்குகிறான்."

"அதுக்கு எழுதணுமா? போன்ல பறஞ்சா போராதா?"

மறுக்க முடியவில்லை; வேகமான வழியும் அதுவே. தொலைதூரத்துக்கு ட்ரங்க்கால் பதிந்து, நெடுநேரம் காத்திருந்தபின் இணைப்புக் கிடைத்தது. வடக்கு ஆலையின் அதிகாரியிடம் கத்தினேன். ஈயப்பெட்டி, கைப்பிடி, ஆணி, திறந்த கதவு என்று அனைத்தையும் சொன்னேன். கடலிரைச்சல் போன்ற ஓசையின் நடுவே அவர் குரல் உற்சாகமாக வந்தது: "இவிட ஒரு கொழப்பவும் இல்ல! கைப்பிடி நல்லா வேல செய்யுது!" கைப்பிடி நன்றாக வேலை செய்வதுதான் ஆபத்து என்று நான் சொல்லத் தொடங்கியபோது இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

மீண்டும் உள்ளே போனேன். இம்முறை நான் இயற்பியலைக் கைவிட்டேன்.

"சார், உங்கள் மாமா சீட்டுக் கொடுத்ததால் நிலம் போனது உண்மை. ஆனால் சட்டம் விதித்த வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை மிச்சபூமி என்று தாமே கணக்குக் காட்டாதவர்கள் என்ன ஆனார்கள்?"

அவர் முகம் மாறியது. அது அவர்கள் குடும்பத்தின் மற்றொரு புண் என்பதை நான் அறிந்தே தொட்டேன்.

"கேசு வந்துச்சு" என்றார். "ஒளிச்சு வச்சதாட்டுச் சொல்லி மானத்த வாங்கினானுக."

"இந்தப் பழுது நம்முடையதல்ல. பெட்டி செய்தவனுடையது. எழுதிக் கணக்குக் காட்டினால் அது அவன் தலையில். காட்டாமல் நம் வளாகத்தில் வைத்திருந்தால், நாளை ஓர் ஆளுக்கு ஏதாவது நேரும்போது, நாம் ஒளித்து வைத்ததாகும். மிச்சபூமி போல இதை ஒப்படைத்துவிடலாம் சார். சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும்."

அவருடைய முதுகுக்குப் பின்னிருந்து வலக்கை வெளியே வந்தது. பேனா மூடி சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. கையெழுத்திட்டார். என் பணிக்காலத்தில் அணுசக்தியைவிட நிலச்சட்டமே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஆனால் அறிக்கையின் அடியில், 'நகல்: வடக்கு ஆலை, உடனடித் தகவலுக்கு' என்றிருந்த வரியைக் கண்டு, அதை அடிக்கச் சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

"பம்பாய் வழியாத்தான் போணும். நேரே குடுத்தா அது நடவழி. ஒரு நாளு ஒருத்தன நடக்க விட்டா பின்ன அந்த வழிய அடைக்கப் பற்றாது, கேட்டீரா?"

"பம்பாய் வழியாகப் போய்ச் சேர மாதங்கள் ஆகும் சார்."

"விதியாக்கும்."

விதிதான். என்னால் அதை மறுக்க முடியாது. அதைக் கற்றுத் தேறியவன் நான். அந்த வரியை அடித்துவிட்டு அறிக்கையைப் பம்பாய்க்கு அனுப்பினேன். பிறகு என் அறைக்கு வந்து, வடக்கு ஆலைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, என் பெயரையும் பட்டத்தையும் இட்டுக் கையொப்பமிட்டேன். ஆலையின் முத்திரை அதில் இல்லை. அங்குள்ள பெட்டி நல்ல நிலையில் இருந்துவிட்டால், விதியை மீறிப் பிற ஆலையின் வேலையை நிறுத்திய அற்பன் என்று இரண்டு கடற்கரைகளிலும் என் பெயர் நாறும். அதை நன்றாக யோசித்தேதான் கையொப்பமிட்டேன். மானி இரண்டு, முள் பொய் சொல்லவில்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம்பியைப் பார்க்க என்று தங்கையன் விடுப்புக் கேட்டான். பரமேஸ்வரன் சார் உடனே வாய்மொழியாகக் கொடுத்தார். அவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருப்பதற்காகவே அவர் அன்று சற்றுச் சீக்கிரமாக வீட்டுக்குப் போனார் என்று பின்னர் எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கம் அப்போது ரயில் வரவில்லை. அவன் பேருந்து மாறி மாறிப் போய், திங்கள் காலையில் அங்கே சேர்ந்தான்.

அங்கே நடந்ததை அவன் வாய்மொழியாகவே கேட்டேன்.

"ஆப்பீசரு காயிதத்த வாசிச்சாரு. 'சீலு எங்க?' எண்ணு கேட்டாரு. இல்ல எண்ணேன். 'அப்பம் இது காயிதமே இல்ல' எண்ணாரு. செல்வராஜ் அதுக்குள்ள இடுப்பில கயிறு கெட்டியாச்சு. எலே மக்கா, எறங்காத எண்ணு விளிச்சேன். 'அண்ணா, கைப்பிடி கீழதான் இருக்கு, நீ போய்ச் சாயா குடி' எண்ணு சொல்லுதான். பின்ன நான் என்ன செய்ய? மேல ஏறிப் பத்தாயத்துக்க வாயில இருந்துட்டேன்."

"இருந்துவிட்டாயா?"

"சம்மணம் கூட்டி இருந்தேன் சாரே. மிஷினக் கொண்டு வாங்க, பின்ன எழும்புதேன் எண்ணேன். ஆப்பீசரு, 'இவன எறக்குங்கடா' எண்ணு கத்தினாரு. இருந்தவன எறக்கிவிட இப்பச் சட்டம் உண்டுமா எண்ணு கேட்டேன். எல்லாவனும் சிரிச்சானுவ. செல்வராஜ் மட்டும் சிரிக்கல்ல. அவனுக்கு வெக்கம், அண்ணன் கோமாளி ஆயிட்டானே எண்ணு."

வடக்கு ஆலையின் மானி பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி யாரிடம் என்பதில் காலைப்பொழுது கழிந்தது. தங்கையன் எழவில்லை. இறுதியில் மானி வந்தது. அவனைச் சற்று நகரச் சொல்லிவிட்டு அதிகாரியே அதை வாயில் நீட்டினார்.

"முள்ளு போச்சு சாரே. இஞ்ச போனது போலவே போச்சு."

செல்வராஜ் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவும் மறந்து நின்றானாம்.

பம்பாயிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, உரிய வழியை மீறித் தகவல் அனுப்பியதற்காக எனக்குக் கண்டனம். இரண்டாவது, அந்தவகைப் பெட்டி இருக்கும் இடங்களிலெல்லாம் ஆட்கள் இறங்குமுன் மானியால் அளக்க வேண்டும் என்று எல்லா ஆலைகளுக்கும் சுற்றறிக்கை. முதலாவதில் என் பெயர் இருந்தது, இரண்டாவதில் இல்லை. பரமேஸ்வரன் சார் இரண்டையும் மேசையில் வைத்தே படித்து, "பாத்தீரா, எழுத்து!" என்று மட்டும் சொன்னார்.

புதிய பெட்டி வரும்வரை வடக்கு ஆலையின் அந்தப் பகுதி மூடிக் கிடந்தது. வேலையற்று வீட்டிலிருந்த செல்வராஜுக்கு அந்த இடைவெளியில் மைத்துனர் முறையான அளியன் ஒருவர் மூலம் வளைகுடா விசா கிடைத்தது. அவன் விமானமேறினான். அதன் விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. செல்வராஜை வளைகுடாவுக்கு அனுப்பியது என் பழுதறிக்கையே என்று குளத்தூர் முழுவதும் பேசிக்கொண்டார்கள். தனுவச்சபுரத்திலிருந்து ஒரு தகப்பனார் தம் மனைவியோடும் வாழைக்குலையோடும் என் வீட்டுக்கு வந்தார். "எனக்க மவனுக்கும் ஒரு பழுது எழுதித் தரணும் சாரே, அவன் ஐடிஐ பாசாக்கும்" என்றார். குலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒழுங்குமுறை அறிக்கையின் தத்துவத்தை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். போகும்போது, இன்னும் கொஞ்சம் பெரிய குலையாகக் கொண்டுவந்திருக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார்.

சில ஆண்டுகள் கழித்து செல்வராஜ் விடுப்பில் வந்து என்னைப் பார்த்தான். கண்ணாடி, வாசனைத் திரவியம், கையில் ஒரு பொட்டலம். அன்பளிப்புகளை நான் ஏற்பதில்லை என்றேன். அவன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினான்.

"அங்க எனக்க கம்பெனியிலயும் அதுபோல ஒரு பெட்டி உண்டு சார். சிமெண்டுத் தொட்டியில. கைப்பிடி கீழதான் இருந்துச்சு. ஃபோர்மேன் எறங்கச் சொன்னான். மானி வச்சுப் பாக்காம எறங்க மாட்டேன்னு நின்னேன்."

"பிறகு?"

"எல்லா நாட்டுக்காரனும் சுத்தி நின்னு சிரிச்சானுவ. இவனுக்குப் பயம்னு சொன்னானுவ. எனக்கு இங்கிலீஷும் வரல்ல. அண்ணன் செஞ்சது ஓர்மைக்கு வந்துச்சு. நானும் தொட்டிக்க வாயில போய் இருந்தேன்."

"மானி கொண்டுவந்தார்களா?"

"கொண்டுவந்தானுவ."

"முள்?"

"அசையல்ல சார். பெட்டி நல்ல பெட்டி." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாணமாப் போச்சு."

இதில் நாணத்துக்கு இடமில்லை என்றும், முள் அசையாததும் ஓர் அளவீடே என்றும், அதைப் பார்த்த பிறகு இறங்கியவன் இறங்க வேண்டிய முறையில் இறங்கியவன் என்றும் அவனுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் அலுவலகக் குரலாக இல்லை; அதை அவன் கவனித்திருக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

"பிறகு அங்கே என்ன வழக்கம்?" என்று கேட்டேன்.

"இப்ப அவனுவளும் பாத்துட்டுத்தான் எறங்குதானுவ" என்றான் செல்வராஜ். "சிரிச்சிட்டே பாக்குதானுவ. ஆனா பாக்குதானுவ."